நீலகிரியில் புழுவெட்டுக்கு எண்ணெய் வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பம் வாங்கி ஏமாந்த 'மூன்று மாதப் பேக்கேஜ்' பற்றிய எச்சரிக்கை இது. 13 வயதுப் பையனுக்குப் பின்தலையில் எட்டணா அளவுக்குச் சொட்டை. விற்றவர் முழுப்பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார், பில் தரவில்லை. கொடுத்தது ஒரு பாட்டில் எண்ணெயும், ஜிப் கவரில் பழுப்பு நிறக் கேப்சூலும். பாட்டில் ஸ்டிக்கரில் நீளக் கூந்தலோடு ஒரு பெண் படம், ஒரு செல் நம்பர், '100% கேரண்டி'. தயாரிப்பு உரிம எண் கிடையாது, பேட்ச் நம்பர் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலும் கிடையாது. மூடியைத் திறந்தால் யூகலிப்டஸ் தைலமும் விண்டர்கிரீன் தைலமும் மூக்கில் ஏறும்.

முதல் மாதத்திலேயே முடி முளைத்தது. கூடவே அடங்காத பசி, உப்பிய கன்னம், நெற்றி நிறையப் பரு. கேப்சூல் தீர்ந்து நிறுத்திய சில நாளில் பையனுக்கு வாந்தி, தலைசுற்றல், நிற்க முடியாத சோர்வு. பிறகு வந்த முடியும் கொட்டி, புதிதாக நாலைந்து இடத்தில் சொட்டை விழுந்தது. டாக்டர் காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்துக் கார்டிசால் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி சுரக்கும் நம் உடம்பின் சொந்த ஸ்டீராய்டு) பார்த்தார்; மிகக் குறைவு. கேப்சூலில் ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னது இதை வைத்துத்தான். வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு போனால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது, உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால் இப்படிப்பட்ட கேப்சூலை ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்து இன்றே நிறுத்திவிட வேண்டாம். மீதியைக் கவரோடு எடுத்துக்கொண்டு தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். அவர் அளவு பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் இன்னும் சீக்கிரம் போக வேண்டும்.

இந்த வியாபாரம் ஓடுவதற்குக் காரணம் நோயின் சுபாவம்தான். புழுவெட்டில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேரைச் சூழ்ந்து தாக்குகின்றன. வேர் சாவதில்லை, தூங்கிப் போகிறது. ஒன்றிரண்டு சிறு சொட்டை மட்டும் என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் எந்த மருந்தும் இல்லாமலே முடி வந்துவிடும். அந்த நேரத்தில் யார் எண்ணெய் தலையில் இருக்கிறதோ அவருக்குப் பெயர். முடி வந்தால் எண்ணெயின் மகிமை. வராவிட்டால் "நீங்க பத்தியம் சரியா இருக்கலக்கா, கத்தரிக்காய் சாப்பிட்டிருப்பீங்க" என்று பழி தாயின் தலையில். புதிதாக வரும் முடி முதலில் வெள்ளையாகவோ பூனைமுடியாகவோ வரும், பெரும்பாலும் போகப்போகக் கருக்கும். அதைக் காட்டி "சத்துக் குறைவு" என்று அடுத்த பாட்டிலைத் தலையில் கட்டுவதும் நடக்கிறது. முன்பு, பின்பு என்று காட்டும் போட்டோக்களை இதற்காகவே நம்பக் கூடாது.

தைலம் பட்டதும் ஜில்லென்று ஏறி எரிவதை "வேர் தூண்டப்படுது" என்கிறார்கள். தோல் எரிகிறது, அவ்வளவுதான். விண்டர்கிரீன் தைலத்தில் இருப்பது பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட். சின்னக் குழந்தை வாயில் ஒரு டீஸ்பூன் போனாலே பெரும் ஆபத்து. சேராங்கொட்டை, முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய் தடவினால் கொப்புளம் கிளம்பும். புண் ஆழமாகித் தழும்பானால் அந்த இடத்தில் வேரே போய்விடும். தோலை வேண்டுமென்றே உறுத்திச் செய்யும் சிகிச்சை மருத்துவத்திலும் உண்டு. டிபிசிபி என்ற மருந்தை முதலில் 2% கரைசலாகச் சிறு இடத்தில் தொட்டு வைத்து, பிறகு 0.001% போன்ற மிகக் குறைந்த அளவில் தொடங்கி வாரம் ஒருமுறை தோலைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். அளவே தெரியாத பாட்டிலை அதோடு சேர்த்துப் பேச முடியாது.

பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. எல்லாச் சொட்டையும் புழுவெட்டு இல்லை. டார்ச் அடித்துப் பாருங்கள். புழுவெட்டில் தோல் வழுவழுப்பாக, செதில் இல்லாமல், முடித்துளைகள் தெரியும்படி இருக்கும். ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் நிற்கும். நகத்தில் ஊசி குத்தியது போலக் குழிகளும் இருக்கலாம். குழந்தையின் தலையில் செதிலும், ஒடிந்த முடியின் கறுப்புப் புள்ளிகளும், கழுத்தில் நெறிக்கட்டியும் இருந்தால் அது படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பூஞ்சை மாத்திரை வாரக்கணக்கில் வேண்டும், ஸ்டீராய்டு களிம்பு அதைப் பரப்பிவிடும். விடுதிப் பிள்ளைகள் குளிருக்குக் கம்பளிக் குல்லாவையும் சீப்பையும் மாற்றி மாற்றிப் போடுவதால் இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும்.

துளைகளே மறைந்து பளபளவென்று இருந்தால், முடியைச் சுற்றிச் சிவப்பும் செதிலும் எரிச்சலும் இருந்தால், ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். லைக்கன் பிளானோபிலாரிஸ், டிஸ்காய்டு லூபஸ் போன்றவை வேரைத் தழும்பாக்கி அழிப்பவை. போன முடி திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். 4 மில்லிமீட்டர் தோல் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் தெரிந்துவிடும். மூன்று மாதம் எண்ணெய் தேய்த்துக் காத்திருந்தவர் இழப்பது இங்கேதான். லூபஸ் வெயிலில் மோசமாகும். உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10% கூடும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல். குளிரில் வெயில் உறைக்காது என்பதால் தொப்பி இல்லாமல் தோட்டத்தில் நிற்கக் கூடாது.

புழுவெட்டுக்குச் சரியான வைத்தியம் இப்படித்தான் இருக்கும். பெரியவர்களுக்குச் சிறு சொட்டை என்றால் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டைச் சொட்டையிலேயே போடும் ஊசி: மில்லிக்கு 2.5 முதல் 5 மில்லிகிராம் கலவை, 1 சென்டிமீட்டர் இடைவெளியில் 0.05 முதல் 0.1 மில்லி, 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. போட்ட இடம் சற்றுக் குழியலாம், பெரும்பாலும் சரியாகும். 6 மாதத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். குழந்தைகளுக்கு வலி தாங்காது என்பதால் ஸ்டீராய்டு களிம்பில் தொடங்குவார்கள். தைராய்டு சோதனை ஒன்றும் எழுதுவார்கள், இரண்டும் சேர்ந்து வருவது உண்டு. தலையில் பாதியோ அதற்கு மேலோ கொட்டிய பெரியவர்களுக்கு பாரிசிட்டினிப் மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆய்வில் 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் 36 வாரத்தில் தலையில் 80% முடி வந்தது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதுதான் நல்ல மருந்தின் கணக்கு. '100% கேரண்டி'யை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரிசிட்டினிப் தொடங்கும் முன் காசநோய், கல்லீரல் அழற்சிச் சோதனைகள் கட்டாயம், நிறுத்தினால் மறுபடி கொட்டவும் கூடும். புழுவெட்டு பரவிக்கொண்டிருக்கும்போது முடி நடவு செய்யச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். நட்ட முடியையும் அதே அணுக்கள் தாக்கும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 1945 மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, மருந்து குணப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல். வழுக்கையும் அதில் இருக்கிறது. உரிம எண் இல்லாத பாட்டிலை மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீதும் வாட்ஸாப் பேச்சும் உதவும், அழித்துவிடாதீர்கள். மிச்ச எண்ணெயைக் கொட்டாமல், பாட்டிலைக் கழுவாமல், ஸ்டிக்கரோடு ஒரு கவரில் போட்டு ஒட்டித் தேதி எழுதி வையுங்கள்.