அச்செடுத்துச் செய்த இயர்பிளக்: டிஜே வேலையில் சில வருடம் போட்டுப் பார்த்தபின்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் வாங்கியதோடு காது தப்பித்துவிட்டது என்று நினைத்தால் காசு வீண்தான், டிஜே நின்று வேலை செய்கிற பூத்தில் இருக்கிற நேரம் முழுக்க அதைக் கழற்றாமலே வேலை செய்ய வழி பண்ணிக்கொள்ள வேண்டும்.

நான் போடுவது இரண்டு காதுக்கும் தனித்தனியாக அச்செடுத்துச் செய்த சிலிக்கோன் பிளக், உள்ளே சத்தத்தை 15 டெசிபல் குறைக்கிற ஃபில்டர். இசைக்காரர்களுக்கென்று 1980-களின் கடைசியில் எடிமோட்டிக் நிறுவனம் கொண்டுவந்த ஈஆர்-15 வகை. சாதாரண நுரை பிளக் ஹைஸை (கீச்சென்ற மேல் ஒலிகளை) அதிகமாகவும் பேஸை (அடி ஒலிகளை) குறைவாகவும் வெட்டும், அதனால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கும், டிரம்ஸின் ஹை-ஹேட் தாளம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். இதில் ஒரு மெல்லிய சவ்வும் அச்சுக்குள் போகிற துளையும் சேர்ந்து வேலை செய்கின்றன. காதுக் குழாய் இயல்பாகவே 2,700 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒலியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், பிளக் போட்டு அடைத்தால் அந்தத் தூக்கல் போய்விடும், அதைத்தான் இந்தத் துளை திருப்பிக் கொடுக்கிறது. பாட்டு அதே பாட்டுதான், சத்தம் மட்டும் குறைவு. அந்தத் துளையில் காது அழுக்கு ஏறினால் ஒலி மங்கிவிடும், ஒரு பக்கம் மந்தமாகக் கேட்டால் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

அச்செடுப்பதைப் பற்றி ஒரு விஷயம். ஆடியாலஜிஸ்ட் (கேட்புத் திறன் நிபுணர்) முதலில் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே தள்ளி, அப்புறம் சிரிஞ்சால் குழைவை நிரப்புவார். சில்லென்று இறங்கும், சில நிமிடத்தில் இறுகிவிடும். வாயைத் திறந்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவமும் மாறுகிறது, நாமோ பாட்டோடு சேர்ந்து பாடுவோம், பக்கத்தில் இருப்பவரிடம் கத்துவோம், ஹெட்போனைத் தோளில் இடுக்குவோம். வாய் மூடி எடுத்த அச்சு இதற்கெல்லாம் தாக்குப்பிடிக்காமல் கசியும், கசிந்தால் முதலில் உள்ளே வருவது பேஸ். கசிகிறதா என்று பார்க்க ஒரு 'ம்ம்ம்' போட்டாலே போதும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முழங்கினால் சரி.

இப்போது கழற்றாமல் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு வருகிறேன். அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு வேலையிடச் சத்தத்துக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 100-க்கு வந்தால் வெறும் 15 நிமிடம். பூத்தில் 103 டெசிபல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படி ஓடுகிற இடங்கள் ஏராளம். பிளக்கோடு அது 88, நாலு மணி நேர செட்டைத் தாங்கும். பிளக் இல்லாமல் 103-ஐ ஏழரை நிமிடம்தான் கேட்கலாம். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது 'இந்த ஒரு மிக்ஸுக்கு மட்டும்' என்று இரண்டு மூன்று தடவை கழற்றினால் அன்றைய கணக்கு அங்கேயே தீர்ந்தது, மீதி நேரம் எவ்வளவு ஒழுங்காகப் போட்டிருந்தாலும்.

கழற்றத் தூண்டும் முதல் காரணம் கியூ, அதாவது அடுத்த பாட்டைக் கூட்டத்துக்குப் போடும் முன் ஹெட்போனில் கேட்டுப் பார்ப்பது. பிளக் போட்டால் ஹெட்போன் கேட்காதே, வால்யூமை ஏற்ற வேண்டியிருக்குமே என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். மூடிய கப் ஹெட்போனை பிளக்குக்கு மேலேயே போடுங்கள். பூத் சத்தமும் கியூவும் அதே ஃபில்டர் வழியாகத்தான் வருகின்றன, இரண்டும் அதே 15 டெசிபல் குறைகின்றன, இரண்டுக்கும் நடுவிலுள்ள விகிதம் மாறவே இல்லை. அப்படியிருக்க குமிழைத் திருக எந்தக் காரணமும் இல்லை. பழகும் வரை மண்டைக்குக் கேட்பது தூரத்தில் இருக்கிற மாதிரி தோன்றும், அது உண்மைதான். அந்தச் சில வாரங்களில் ஹைஸ் குமிழில் கைவைக்காதீர்கள், கூட்டத்தின் காதில் பிளக் இல்லை. வீட்டில் பயிற்சி செய்யும்போதே போட்டுப் பழகுங்கள், நிகழ்ச்சியில் வாசலிலேயே போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். அரை மணி நேரம் முழுச் சத்தத்தில் இருந்துவிட்டு நடுவில் போட்டால் உலகமே செத்த மாதிரி கேட்கும், உடனே பிடுங்கத் தோன்றும்.

இரண்டாவது காரணம் பூத் மானிட்டர், அதாவது டிஜே கேட்பதற்காக பூத்திலேயே வைக்கிற ஸ்பீக்கர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது, மெயின் ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருந்தால் அது கிட்டத்தட்ட 30 மில்லிநொடி தாமதமாக வந்து சேரும், அதை வைத்து இரண்டு பாட்டின் பீட்டைச் சேர்க்க முடியாது. அதனால்தான் மானிட்டரை ஏற்றுகிறோம். ஏற்றுவதற்குப் பதில் பக்கத்தில் இழுங்கள், காது உயரத்துக்குத் தூக்குங்கள். தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் வரை கூடும், குமிழைத் தொடாமலே தெளிவு வந்துவிடும். செட்டப் நேரத்தில் சவுண்ட் பொறியாளரிடம் தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். மிக்ஸ் முடிந்ததும் மானிட்டரைக் குறைப்பதும் ஒரு பழக்கமாகிவிட்டது, நடுவில் நாலு நிமிடம் அது கத்திக்கொண்டிருப்பதால் யாருக்கு லாபம்?

குறைகள் இருக்கின்றன. சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்கும், அதனால் தெரியாமலே மெதுவாகப் பேச ஆரம்பிப்போம், எதிரில் இருப்பவர் 'என்ன? என்ன?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் பேசுவது நமக்கு முன்பைவிட நன்றாகவே கேட்கும், அது ஒரு வேடிக்கை. வியர்த்தால் அரிக்கும். வலது சிவப்பு, இடது நீலம் என்று அடையாளம் போட்டுத் தருகிறார்கள், பூத் வெளிச்சத்தில் இரண்டும் கறுப்பாகத்தான் தெரியும், விரலால் தடவி வளைவை வைத்துத்தான் எது எந்தக் காது என்று கண்டுபிடிக்க வேண்டும். கழுத்துக் கயிறு ஹெட்போன் வயரோடு சிக்குகிறது, அறுத்துவிட்டேன். சில வருடத்தில் காது மாறிவிடும், உடம்பு எடை ஏறினாலோ இறங்கினாலோ இன்னும் சீக்கிரம். எனக்கு இடது பக்கம் முதலில் தளர்ந்தது, இரண்டையும் புதிதாக எடுத்தேன். கழுவும்போது ஃபில்டரைக் கழற்றிவிட்டு மிதமான சோப்பில் அச்சை மட்டும் கழுவுங்கள், ஃபில்டர் நனையக்கூடாது.

மற்ற உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. மேசை முழங்கை உயரத்துக்கு இல்லையென்றால் கழுத்தும் கீழ்முதுகும் வாங்கிக் கட்டிக்கொள்ளும், காலிப் பெட்டியை அடியில் வைத்தாவது உயர்த்துங்கள். மெத்தென்ற அடியுள்ள ஷூ, முடிந்தால் நிற்பதற்கான ரப்பர் பாய். கழிப்பறைக்குப் போய்வர ஒரு நீளமான பாட்டு எல்லோரிடமும் இருக்கும், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களைத்தான் எனக்குப் புரியவே இல்லை. காஃபியிலுள்ள காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், நள்ளிரவுக் கோப்பை விடியும்வரை கூடவே வரும். பிளக் போட ஆரம்பித்த பிறகு, நிகழ்ச்சி முடிந்து படுத்தால் காதில் 'ஙொய்ங்' இல்லை, தூக்கம் அதனாலேயே சீக்கிரம் வருகிறது, இதை நான் எதிர்பார்க்கவில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை கேட்புச் சோதனை செய்துகொள்கிறேன். நிகழ்ச்சிக்கு மறுநாள் காலையில் போகாதீர்கள், காது தற்காலிகமாக மந்தமாக இருக்கலாம், குறைந்தது 14 மணி நேரமாவது அமைதியில் இருந்துவிட்டுப் போங்கள். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுகிறதா என்று பாருங்கள், சத்தத்தால் வரும் சேதம் வழக்கமாக அங்கேதான் தலைகாட்டும். உள்காதின் மயிரிழைச் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை, ஆகவே பள்ளம் சின்னதாக இருக்கும்போதே தெரிவது நல்லது.

எந்த ஃபில்டர் என்று கேட்பவர்களுக்கு: 9, 15, 25 மூன்றும் அதே அச்சில் மாற்றிக்கொள்ளலாம். சின்ன பாருக்கு 9 போதும். 25 போட்ட நண்பர்கள் பலர் மானிட்டரை ஏற்றிக்கொண்டுதான் வாசிக்கிறார்கள், அதனால் டிரம்மருக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிற வேலை இல்லையென்றால் 15-ல் ஆரம்பியுங்கள்.