தண்ணீர் உள்ளே வராத பூட்ஸா, வந்த தண்ணீர் வெளியே போகிற பூட்ஸா?

வேட்டை பூட்ஸ் என்று தேடினால் வந்து நிற்பதெல்லாம் பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். பத்து அங்குல உயரம், தடித்த தோல், உள்ளே நீர் புகாத கோர்டெக்ஸ் சவ்வு, அதற்கும் உள்ளே குளிர்தாங்கும் தின்சுலேட் பஞ்சு, பக்கவாட்டில் இலை இலையாகப் போட்ட கேமோ துணி. ஜொகூர் மலைகளுக்குப் போகத் தொடங்குகிறவர்கள் பலர் இதைப் பார்த்துவிட்டு, காட்டுக்கென்றே செய்ததாயிற்றே, இதைவிட வேறென்ன வேண்டும் என்று முந்நூறு நானூறு வெள்ளியை எடுத்து வைக்கிறார்கள். காட்டுக்குச் செய்ததுதான், ஆனால் நம் காட்டுக்குச் செய்ததில்லை.

சிங்கப்பூரில் வேட்டை கிடையாது. வனவிலங்குச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் காட்டு விலங்கைப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. ஆக இங்கே இந்த பூட்ஸை வாங்குகிறவர்களில் நியூசிலாந்து மாதிரி இடத்துக்கு மான் வேட்டைக்குப் போகிறவர் யாரோ சிலர். மற்றவர்கள் எல்லாம் லேடாங், பந்தி, பூலாய் என்று வார இறுதியில் கடற்பாலம் தாண்டி மலை ஏறுகிறவர்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன், வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் அந்தத் தின்சுலேட் கணக்கு. 400, 800, 1000 கிராம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது பூட்ஸின் எடை இல்லை, உள்ளே வைத்திருக்கும் குளிர்காப்புப் பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் நவம்பர் மாதம் மரத்தில் கட்டிய பரணில் ஏறி, மான் வரும்வரை மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு 800, 1000 எல்லாம் தேவை. அதே ஊரில் நடந்து நடந்து மான் தேடுகிறவர் அவ்வளவு பஞ்சு வைத்ததைத் தொடமாட்டார், பஞ்சே இல்லாததைக்கூட எடுப்பார், ஏனென்றால் நடக்கிற கால் தானே சூடாகிவிடும். அப்படியிருக்க 31 டிகிரியில் மலை ஏறும் நமக்கு இது எதற்கு? முழங்கால் வரை வரும் முழு ரப்பர் வேட்டை பூட்ஸும் இப்படித்தான். மானுக்கு மோப்பம் அதிகம், ரப்பரில் மனித வாடை அவ்வளவாக ஒட்டாது, அதனால் அங்கே அதற்கு மதிப்பு. இந்த இரண்டையும் தாராளமாக ஒதுக்கிவிடலாம்.

கோர்டெக்ஸை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது. நல்ல பொருள் அது. டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கை இழுத்து நீட்டிச் செய்த சவ்வு, 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் கண்டுபிடித்தது. அதில் உள்ள துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை, நீராவி போகும் அளவு பெரியவை. மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியேறிவிடும் என்று விளம்பரத்தில் சொல்வது பொய்யும் இல்லை. ஆனால் ஆவி சும்மா வெளியேறாது. உள்ளே வெப்பமும் ஈரமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது நகரும். ஐந்து டிகிரி காற்றில் அந்த வித்தியாசம் தாராளமாகக் கிடைக்கும். நம் ஊரிலோ ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, காட்டுக்குள் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும், பூட்ஸுக்குள் எப்படியோ வெளியிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு சொட்டு மழை இல்லாத நாளில்கூட ஏறி முடிப்பதற்குள் காலுறை வியர்வையிலேயே ஊறிவிடுகிறது.

அதற்கப்புறம் ஓடை. ஜொகூர்க் காட்டுப் பாதைகளில் மழைக்காலத்தில் ஓடை கடக்காமல் போய்வருவது அரிது, தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்தாலே போதும், எப்பேர்ப்பட்ட பூட்ஸானாலும் வாய் வழியாகக் குபுகுபுவென்று உள்ளே இறங்கிவிடும். கரையேறியதும் நடப்பதைக் கவனியுங்கள். கோர்டெக்ஸ் போட்டவர் பாறையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, பூட்ஸைக் கவிழ்த்துக் கொட்டி, காலுறையைப் பிழிந்து மறுபடி மாட்டுவார். ராணுவத்தினர் காட்டுக்குள் போடும் ஜங்கிள் பூட்ஸ் போட்டவர் நிற்கவே மாட்டார். பாதத்தின் உள்பக்கம், அடிக்குச் சற்று மேலே, வலை வைத்த இரண்டு சின்னத் துளைகள் இருக்கும், அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், கொஞ்ச தூரத்தில் அந்தச் சளக் சளக் சத்தமும் நின்றுவிடும். கோர்டெக்ஸ் பூட்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் விசிறிக்கு முன்னால் வைத்தாலும் விரல் பக்கம் கையை விட்டால் ஈரம் தட்டுப்படும். தண்ணீரை வெளியே நிறுத்துகிற அதே சவ்வுதான் உள்ளே வந்துவிட்ட தண்ணீரையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இந்தப் பக்கத்துக் காடுகளில் கால் நனையாமல் இருக்கப் போவதில்லை, நனைந்த கால் சீக்கிரம் காயுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ராணுவங்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் இருந்தபோது பிரிட்டிஷ் படையினர் காட்டுக்குள் போட்டது கேன்வாஸும் ரப்பரும் சேர்ந்த உயரமான பூட்ஸ்தான், அமெரிக்கர்கள் வியட்நாமில் போட்டது நைலான் பக்கமும் நீர் வடியும் துளையும் வைத்தது.

ஜங்கிள் பூட்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது பனாமா அடி. கட்டைகள் பெரிதாக, சாய்வாக, இடைவெளி விட்டு இருக்கும். செம்மண் சேறு அதில் அப்பிக்கொள்ளாது, நடக்க நடக்கத் தானே உதிர்ந்துவிடும். நெருக்கமான பற்கள் உள்ள அடியில் அதே சேறு அடைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் அடி வழவழவென்று ஆகிவிடுகிறது. இங்கே பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலைய மாடியில், தேசிய சேவைப் பையன்கள் சாமான் வாங்கப் போகும் ஆர்மி மார்க்கெட்டில் இந்த மாதிரி பூட்ஸைப் போட்டுப் பார்த்தே வாங்கலாம். பார்க்கும்போது இரண்டு விஷயம் சோதியுங்கள். வடிகால் துளை உண்மையிலேயே உள்ளே திறக்கிறதா, இல்லை அழகுக்கு வைத்த வெறும் வளையமா? அடியை மேல்பகுதியோடு வார்த்திருக்கிறார்களா, வெறுமனே பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா? குறையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கனம், குதிகாலுக்கு மெத்தென்ற ஆதரவு குறைவு, புதிதில் கேன்வாஸ் ஓரம் கணுக்காலை உரசிப் புண்ணாக்கிவிடும். நீளமான கம்பளிக் காலுறை போட்டால் பாதித் தொல்லை தீரும். பருத்திக் காலுறை மட்டும் வேண்டாம், ஊறினால் காயவே காயாது.

இதற்கு நேர் எதிரில் நிற்பது மலேசியாவில் எல்லோரும் கிண்டலாகவும் பாசமாகவும் அடிடாஸ் கம்போங் என்று அழைக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் விடிகாலை ஈரத்தில் இதைத்தான் மாட்டிக்கொண்டு போவார்கள். மொத்தமும் ஒரே ரப்பர் வார்ப்பு, அடியில் பந்தாட்ட பூட்ஸ் மாதிரி குமிழ்கள், விலை இருபது ரிங்கிட்டுக்குள். 4,095 மீட்டர் கினபாலுவில் முதுகில் சுமையோடு ஏறி இறங்கும் சுமைதூக்கிகள் காலில் இதைத்தான் பார்க்கலாம். மலையோட்டக்காரர்கள் பலரும் இதற்கு மாறிவிட்டார்கள். மென்மையான ரப்பர் என்பதால் ஈர வேரிலும் பாசிப் பாறையிலும் இதற்கு இருக்கும் பிடிப்பு, விலை உயர்ந்த பல பூட்ஸுக்கு இல்லை. தண்ணீர் புகுந்தாலும் ஊறுவதற்கு உள்ளே எதுவும் இல்லை, கழுவிக் கவிழ்த்து வைத்தால் தீர்ந்தது. ஆனால் அடியில் மெத்தை கிடையாது, ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலுக்குத் தெரியும், விரல் நுனிக்குப் பாதுகாப்பும் இல்லை. பழகிய காலுக்குத்தான் இது. நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் நேராக இதைப் போட்டு 1,276 மீட்டர் லேடாங்கில் இறங்கினால் முட்டியும் பாதமும் இரண்டு நாளைக்குப் பேசும்.

காட்டுப்பாதையில் ஓடுவதற்கென்று செய்த வலைத்துணிக் காலணியான டிரெயில் ரன்னர் இரண்டுக்கும் நடுவில். மெக்ரிட்சி, புக்கிட் தீமா, ரயில் பாதை நடைவழி என்று சிங்கப்பூருக்குள் நடப்பவர்களுக்கு இதுவே போதும், 163 மீட்டர் புக்கிட் தீமா குன்றுக்கு பூட்ஸ் போடுவது காலுக்குச் செய்யும் அநியாயம். காலில் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலையேறிகள் சொல்வது வழக்கம், ஒரு முழு நாள் நடந்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியாது. பத்து அங்குலத் தோல் பூட்ஸ் ஒரு ஜோடி ஒன்றரை கிலோவைத் தாண்டும், டிரெயில் ரன்னர் முக்கால் கிலோகூட வராது. உயரமான பூட்ஸ்தான் கணுக்காலைக் காக்கும் என்று பலர் பிடிவாதமாக நம்புகிறார்கள், என் பார்வையில் கணுக்காலைக் காப்பது பலமான தசையும், கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்கும் பழக்கமும். உயரம் உதவுவது பிரம்பு முள்ளுக்கு எதிராக. அட்டைக்கு எதிராக அதுவும் இல்லை, அது பூட்ஸ் மேலேயே ஊர்ந்து ஏறி வந்துவிடும். அதற்கு முழங்கால் வரை இழுத்துக் கட்டும் நெருக்க நெசவு அட்டைக் காலுறைதான் வழி.

விலைச் சீட்டில் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும், நம் ஊரில் பூட்ஸ் அலமாரியிலேயே செத்துப்போகும். பல நல்ல பூட்ஸின் நடு அடி பாலியூரித்தேன் என்ற நுரையால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதை மெல்ல மெல்ல அரிக்கும், போடாமல் வைத்திருந்தாலும் அரிக்கும், பெட்டிக்குள் மூடி வைத்தால் இன்னும் மோசம். வீவக அடுக்குமாடி வீட்டுச் சாமான் அறையில் பல வருடம் கிடந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு லேடாங்குக்கு வந்த தம்பி ஒருவர், பாதி வழியில் "அண்ணே, அடி வாயைப் பிளந்துடுச்சு" என்றார். பார்த்தால் மேலே தோல் புதுசு மாதிரி பளபளக்கிறது, கீழே நுரை பிட்டுப் போல உதிர்கிறது. ரஃபியா கயிற்றால் சுற்றிக் கட்டித்தான் அவரை இறக்கினோம். அதனால் பழையதை எடுக்கும்போது நடு அடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ பொடி உதிர்ந்தாலோ அது மலைக்கு ஆகாது. தள்ளுபடியில் வாங்கும்போதும் எப்போது தயாரித்தது என்று கேளுங்கள், கடையில் நான்கைந்து வருடம் கிடந்த சரக்கு மலிவாகக் கிடைத்து என்ன பயன். டிரெயில் ரன்னரில் பெரும்பாலும் இருக்கும் ஈ.வி.ஏ நுரைக்கு இந்த வியாதி இல்லை, அது நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகும், அவ்வளவுதான்.

அளவு பார்ப்பது பற்றிச் சுருக்கமாக. சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் வீங்கி மலையில் இருப்பது போல இருக்கும். மலைக்குப் போடும் காலுறையையே போட்டுக்கொண்டு, கயிறு கட்டாமல் விரலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். இறக்கத்தில் பெருவிரல் முன்னால் இடித்தால் நகம் கறுத்துவிடும். தோல் பூட்ஸ் என்றால் மின்தூக்கியை விட்டுவிட்டு புளோக் படிக்கட்டில் சில வாரம் ஏறி இறங்கிப் பழக்குங்கள், அதற்காகவே செய்து வைத்த மாதிரி இருக்கிறது நம் படிக்கட்டு.

ஆக என் தேர்வு இப்படி. ஊருக்குள் டிரெயில் ரன்னர். ஜொகூரில் ஒரு நாள் ஏற்றம் என்றால் அதுவே, கால் நன்றாகப் பழகியிருந்தால் கம்போங் சப்பாத்து. கூடாரம், அரிசி எல்லாம் தூக்கிக்கொண்டு பகாங்கின் தாகான் மலை மாதிரி பல நாள் பயணம் என்றால் ஜங்கிள் பூட்ஸ். கோர்டெக்ஸ் எனக்குத் தேவைப்படுவது நள்ளிரவு தாண்டிக் கிளம்பி உறைகுளிரில் உச்சி ஏறும் கினபாலு மாதிரி இடத்தில், அப்புறம் குளிர்நாடுகளில்.

நியூசிலாந்துக்கு மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு நான் இதுவரை சொன்னது ஏறக்குறைய தலைகீழாகும். தென்தீவு மலைகளில் செங்குத்தான சரிவும் சரளைக் கல்லும்தான் பாதை, அடி வளையாத, கணுக்கால் உயரம் தாண்டிய, சவ்வு வைத்த தோல் பூட்ஸ் அங்கே சரி. பஞ்சு வேண்டாம், வேட்டைக்காரர் அங்கே உட்காருவதைவிட நடப்பதுதான் அதிகம். புதியதை நேராக விமானத்தில் கொண்டுபோகாமல் இங்கேயே பழக்கிவிடுங்கள். ஜொகூர் சேற்றில் பழக்கினால் கிளம்புவதற்கு முன் பல் துலக்கும் பிரஷால் அடிக்கட்டைகளின் இடுக்கில் உள்ள மண்ணையெல்லாம் தோண்டிக் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும், ஏனென்றால் காட்டில் போட்ட காலணி இருக்கிறது என்று வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும், அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.