ராட்சத மட்டிக் குஞ்சுக்கு எது தோது: தொட்டியா, மிதக்கும் கூடா, கால் வைத்த கூடா?

கடலட்டைப் பண்ணைகளைப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலில் ராட்சத மட்டியையும் இப்படியே வலை அடைத்து வளர்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். என் பதில்: வேண்டாம். அட்டை சேற்றில் மேய்வது. இந்த மட்டியோ தன் சதைக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்து, அவை வெயிலில் ஆக்கித் தரும் உணவால் வளர்வது. கலங்கல் நீரும், மாரி மழையில் உப்புக் குறைவதும் அதற்கு ஆகாது. தீவகத்தின் வெளிப்புறத்தில், முருகைக்கல் உள்ள தெளிந்த ஆழமற்ற கடலைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எதில் வளர்ப்பது?

கரைத் தொட்டியில் நண்டும் மீனும் அண்டாது. ஆனால் இரவுபகலாகக் கடல்நீர் இறைக்க வேண்டும். கரண்ட் செலவு கட்டுபடியாகாது. குஞ்சு ஓரிரு சென்ரிமீட்டர் ஆகும்வரை தொட்டி அவசியம், அதோடு போதும்.

மிதக்கும் கூட்டில் வெளிச்சம் தாராளம், தரையில் ஊர்ந்து வரும் எதிரிகளும் குறைவு. சோளகம் (தென்மேற்குக் காற்று) எழுந்தால்தான் சிக்கல். அலை புரட்டும் கூட்டில் குஞ்சு நிலையாக ஒட்டி நிற்காது.

என் தேர்வு, கடலடியில் கால்கள் மேல் நிறுத்திய மூடிய வலைக்கூடு. பசிபிக் தீவு நாடான பலாவிலும் பிலிப்பைன்ஸின் பொலினாவிலும் பொரிப்பகக் குஞ்சுகளைக் கடலில் கூடுகளுக்குள் வைத்தே வளர்த்திருக்கிறார்கள். கால்கள் எதற்கு என்றால், சிமேடியம் என்ற வேட்டை நத்தைக்காக. வலையை எவ்வளவு நெருக்கமாகப் பின்னினாலும் அதன் நுண்குஞ்சு நீரோடு உள்ளே வந்து, அங்கேயே வளர்ந்து, மட்டிகளை ஒவ்வொன்றாகத் தின்னும். தரையை விட்டு உயர்த்தினால் தொல்லை குறையும், அற்றுப்போகாது. ஆகவே அடிக்கடி இறங்கி, மட்டிகளைத் தூக்கிப் பார்த்து, நத்தையைக் கையால் பொறுக்க வேண்டும். வலையில் படரும் பாசியையும் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெயில் உள்ளே போகாது. இந்த வேலைக்கு ஆள் இல்லாதவர் கூடு போடவே வேண்டாம்.

இன்னொன்று: குஞ்சு நாரால் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தெடுத்தால் அடிச்சதை கிழிந்து செத்துவிடும். கூட்டுக்குள் கல்லோ சிறு சீமெந்துத் தட்டோ போட்டால், இடம் மாற்றும்போது அதோடு சேர்த்தே தூக்கலாம்.

கூட்டை எடுக்கவும் அவசரம் கூடாது. ஒரு மீட்டரைத் தாண்டும் பெரிய இனம்கூட 15–20 சென்ரிமீட்டர் ஆன பிறகுதான் மூடியின்றித் தப்பும். குஞ்சு பொரிப்பகத்திலிருந்தே வர வேண்டும், அதுவும் நம் கடலுக்கு உரிய இனமாக. கடலிலிருந்து அள்ளக் கூடாது. 1985 முதல் ராட்சத மட்டிகள் அனைத்தும், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் பட்டியலில் இருக்கின்றன. அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது.