மலையேறினால் கசியும் பேனா: நீலகிரியில் கவிதை சொல்லித் தருபவர்களுக்கான நோட்டும் எழுதுகோலும்

கோயம்புத்தூரில் ஒழுங்காக எழுதும் பேனாவும் நோட்டும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் வேறு குணம் காட்டும். வகுப்பு, கட்டுக்கட்டாகத் திருத்தம், நடுவே தன் சொந்த வரிகள் என்று நாளை ஓட்டும் கவிஞருக்கு எது தாங்கும், எது காலை வாரும் என்று மட்டும் இங்கே பார்க்கலாம்.

மைப்பேனாவில் வில்லன் மை அல்ல, உள்ளே இருக்கும் காற்று. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே போகப் போக வெளியழுத்தம் குறைவதால் பேனாவுக்குள் அடைபட்ட காற்று ஏறக்குறைய கால் பங்கு விரிகிறது. விரிந்த காற்று மையை நிப்பு வழியே தள்ளும். உடம்புக்குழாய் முழுவதும் டிராப்பரால் மை ஊற்றும் எபோனைட் (கடின ரப்பர்) பேனாக்களில் இந்தத் தொல்லை அதிகம். பாதி மையோடு பஸ் ஏறாதீர்கள். கழுத்துவரை நிரப்புங்கள், அல்லது காலி செய்து மைப் புட்டியைத் தனியாக எடுத்துப் போங்கள். நிப்பு மேலே பார்த்தபடி செருகினால் காற்று மட்டும் வெளியேறும், சட்டை பிழைக்கும்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர், ஜனவரி காலையில் சில்லிட்ட பேனாவைக் கையில் பிடித்து எழுதத் தொடங்கினால், உள்ளங்கைச் சூட்டில் உள்காற்று விரிந்து, நல்ல வரிக்கு நடுவே பொட்டென்று ஒரு சொட்டு விழும். மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும் முன்பே நிரப்பிவிட்டால் இது குறையும். கன்வெர்ட்டர் (மை உறிஞ்சிவைக்கும் சிறு குழாய்) வைத்த பேனாவில் காற்றுக்கு இடமே கொஞ்சம்தான். மலைக்கு அதுவே மேல். மையில் வாஷபிள் நீலம் வேண்டாம், ஒரு தூறல் போதும், கவிதை கரைந்துவிடும். பெர்மனன்ட் வகை வாங்கி, மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரில் பேனாவைக் கழுவுங்கள்.

பால்பாயின்ட்டின் பசை மை குளிரில் இறுகும், முதல் வரி விட்டுவிட்டு விழும். உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றினால் சரியாகிவிடும். ஜெல் பேனா மஞ்சு மூடிய நாளில் காயத் தாமதிக்கும், இடக்கை மாணவர் எழுதினால் பக்கமெல்லாம் இழுவல்.

எல்லாவற்றையும்விட மலைக்கு ஏற்றது பென்சில். நடராஜ், அப்சரா எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஈரம் ஏறிய தாள் மெத்தென்று இருப்பதால் கடின முனை அதைக் கீறும். ஆகவே எச்பிக்குப் பதில் அதைவிட மென்மையான 2பி. திருத்துவதற்கும் பென்சில்தான் மரியாதை. ஆசிரியரின் யோசனை பிடிக்கவில்லை என்றால் மாணவர் அழித்துக்கொள்ளலாம், சிவப்பு மையில் அந்த உரிமை கிடையாது.

இனி நோட்டு. பணம் அதிகம் வீணாவது இங்கேதான். சுற்றுலாக் கடைகளில் தோல் அட்டையும் கைத்தாளுமாக அடுக்கியிருக்கும் டைரிகளைப் பார்த்தால் கவிஞர்களுக்குக் கை நிற்காது. பசையேற்றாத கைத்தாள் ஈரத்தை உறிஞ்சும், மையையும் உறிஞ்சும். எழுத்தின் ஓரங்களில் மயிர்க்கால் விட்டு, புள்ளி எது, சுழி எது என்று தெரியாமல் போகும். பரிசு கொடுக்க நல்லது, எழுத ஆகாது. 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) பள்ளி நோட்டும் மழைக்காலத்தில் மறுபக்கம் ஊறும். 75 அல்லது 80 ஜிஎஸ்எம் தாள் வாங்கித் தைத்துக்கொள்வது உத்தமம். கரூர்ப் பக்கம் டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) ஆலை கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாள் இதற்குப் பொருத்தம். சக்கையின் நார் குட்டையானது, பரப்பு நெருக்கமாக அமையும், மை அவ்வளவாக ஓடாது. பின் அடித்த நோட்டு வேண்டாம், துரு ஏறி நடுப்பக்கம் பழுப்பாகும். நூல் தையலே சரி.

புதுக்கவிதை வகுப்புக்குச் சின்ன நோட்டு ஒத்துவராது. ஓரம் இடித்ததால் மடங்கிய வரியை, மாணவரே பிறகு இரண்டு வரியாக நினைத்துவிடுவார். நீள நோட்டைப் படுக்கைவாக்கில் திருப்பி எழுதச் சொல்லுங்கள். அப்போதும் மடங்கினால், மிச்சத்தை இரண்டு விரல் உள்ளே தள்ளி எழுதினால் குழப்பமில்லை. இடப்பக்கத்தை எப்போதும் காலியாக விடச் சொல்லுங்கள், திருத்தப்படி அங்கே வரும்.

வெண்பா வகுப்புக்கு, சொன்னால் சிரிப்பார்கள், கட்டம் போட்ட கணக்கு நோட்டுதான். நாலடி வெண்பாவில் பதினைந்து சீர் (அடியின் சொல்துண்டு), ஆகவே பதினைந்து வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் முதலில் சீர், அடுத்து நேர், நிரை என்று அசை (சீரை உடைத்த ஒலித்துண்டு), அதற்கடுத்து வாய்பாடு (தேமா, கருவிளம் போன்ற சீர்ப்பெயர்), கடைசியில் தளை (அடுத்த சீரோடு சேரும் விதம்). மாவில் முடியும் சீரை அடுத்து நிரை, விளத்தை அடுத்து நேர், காயை அடுத்து நேர் வந்திருக்கிறதா என்று கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினால் போதும். வெண்பாவில் வரக்கூடாத கனிச்சீர் நுழைந்திருந்தால் தானே பல்லிளிக்கும். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு நான்கில் ஒன்றா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்த வேலைக்குக் கோடு போட்ட நோட்டில் ஒரு மணி நேரம் பிடித்தால் கட்ட நோட்டில் பாதிதான்.

எழுதி முடித்த நோட்டுகளை வெளிச்சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பைண்டிங் பசைக்கு இராமபாணப் பூச்சி வரும். இறுக்கமான தகர டப்பாவில் ஈரம் உறிஞ்சும், நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் சூடு காட்டிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். அலமாரிக்குள் பல்பு எரியவிடும் பழைய வழக்கமும் நல்லதே, ஆனால் 15 வாட் குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்இடி போட்டால் பூச்சிக்கு வெளிச்சம் காட்டியதோடு சரி.