டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் சுவிட்ச் விழுந்தால் போதுமென்று நம்பிவிடாதீர்கள்

இங்கிலாந்தில் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். போன மே மாதம் எங்கள் வண்டியின் சார்ஜரை மாற்றி, 2000 வாட் இன்வெர்ட்டர் ஒன்று வைக்க, வீட்டுக்கே வந்து வேலை செய்பவர் ஒருவரைக் கூப்பிட்டேன். 640 பவுண்டு, ரொக்கம். அரை நாளில் முடித்துவிட்டார். சோதனைச் சான்றிதழ் கேட்டதற்கு ஆர்சிடியின், அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சின், டெஸ்ட் பட்டனை அழுத்தினார். டக்கென்று விழுந்தது. "இதைவிட என்ன வேண்டும்?" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஜூலையில் வேல்ஸ் போனோம். மழை விட்ட காலை, ஈரப்புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுப்பிடியைத் தொட்ட மனைவி, "ஏங்க, சுர்ருங்குது" என்றாள். கம்பளிச் சட்டையால் இருக்கும் என்று சிரித்தேன். அப்புறம் நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கித் தொட்டேன்.

உடனே, வெளியிலிருந்து வண்டிக்குக் கரண்ட் கொண்டுவரும் ஹூக்-அப் வயரைப் பிடுங்கினேன். மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் அதோடு விடவில்லை. இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரி வயரையும் கழற்றிய பிறகுதான் சுவிட்ச் பலகையைத் திறந்தார். வெளியிலிருந்து வரும் கரண்டைத் துண்டித்தாலும் இன்வெர்ட்டர் ஓடினால் உள்ளே 230 வோல்ட் இருக்கும். இது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

வண்டியின் பாடிக்குப் போகும் பச்சை-மஞ்சள் எர்த் வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. முதல் ஆள் கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை. போதாததற்கு ஒரு லைவ் வயர் இரும்புப் பட்டைக்கு அடியில் நசுங்கி, பாடியில் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. வண்டி நிற்பதோ ரப்பர் டயரில். எர்த்தும் இல்லையென்றால், தொடுகிற ஆளின் கால்தான் அதற்கு வழி. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி அந்தச் சின்னக் கசிவுக்கு விழாது. டெஸ்ட் பட்டனோ எர்த் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. உள்ளே செயற்கையாக ஒரு கசிவை உண்டாக்கி, ஆர்சிடி விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. எர்த் இல்லாத வண்டியிலும் ஜோராக விழும்.

இன்னொன்று: 12 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 170 ஆம்பியருக்குப் பக்கம். இன்வெர்ட்டருக்குப் போகும் அந்த வயரில், பேட்டரி அருகே ஒரு ஃபியூஸ்கூட இல்லை.

முதல் ஆளுக்குப் போன் செய்தேன். "நான் கிளம்பும்போது எல்லாம் சரியாக இருந்தது" என்றார். இப்போது எடுப்பதில்லை. ரசீது வாங்காதது என் தப்பு. மின் வேலைகளுக்கான பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 7671 விதிகளின் 721ஆம் பிரிவு இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே இருக்கிறது. வேலைக்கு வருபவரிடம் அதன்படி சோதித்து எழுதித் தருவாரா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். நான் இரண்டாம் ஆளுக்குக் கொடுத்தது தனியாக 210 பவுண்டு.