பாலைவனம் பாக்க டூரா, ரென்ட் காரா, பஸ்ஸா? துபாய்ல 9 வருஷம் சுத்துன கதை

துபாய் வந்து 9 வருஷம் ஆச்சு, ஊர்ல இருந்து யாரு விசிட் விசால வந்தாலும் மொத நாள் புர்ஜ் கலிஃபா, ரெண்டாம் நாள் "பாலைவனம் எங்கடா, எல்லாம் பில்டிங்காவே இருக்கு"ன்னு கேப்பாங்க. நான் மூணு வழியிலயும் போய் மூணுலயும் காசு விட்டிருக்கேன், அந்த உரிமைல சொல்றேன்.

பெட் ஸ்பேஸ்ல, அதாவது ஒரே ரூம்ல பல பேரோட ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துக் கிடந்த காலத்துல பஸ்தான். துபாய் குபைபா பஸ் ஸ்டேஷன்ல இ 201 பஸ் ஏறுனா அல் ஐன் ஊரு, நோல் கார்டுல (பஸ், மெட்ரோவுக்குத் தேய்க்கிற கார்டு) 25 திராம்ஸ், ஏசி சூப்பரா இருக்கும். ஜன்னல் சீட் பிடிச்சா வெளுத்த மணல் போகப் போக செவந்துக்கிட்டே வர்றதைப் பாக்கலாம், ஆனா ரோட்டோரம் பூரா வேலி, நடுவுல இறங்க வழியே இல்ல. பஸ் உங்களை ஊருக்குத்தான் கொண்டு போய் விடும், மணலுக்கு இல்ல. அல் ஐன்ல பேரீச்சந்தோப்பும் அதுக்குள்ள ஓடுற ஃபலஜ் வாய்க்காலும் அருமை, 2011ல யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்த இடம், எனக்கு நம்ம ஊரு வயக்காட்டு வாய்க்கால் வரப்புல நடக்குற மாதிரியே இருந்துச்சு. ஹத்தாவுக்கும் பஸ் இருக்கு, மணல் இருக்கும்னு நம்பிப் போனா அங்க அத்தனையும் பாறை மலை, டேம்ல படகு ஓட்டிட்டு வந்துட்டேன்.

அம்மா மன்னார்குடில இருந்து வந்தப்பதான் டூர் போட்டேன், தலைக்கு 150 திராம்ஸ். லஹ்பாப் செம்மணல் பக்கம் வண்டியை நிறுத்தி டிரைவர் இறங்கி நாலு டயர்லயும் உஸ்ஸ்ஸ்னு காத்தைப் புடுங்கி விட்டாரு, பஞ்சராயிடுச்சுன்னு அம்மா பயந்துட்டாங்க. காத்து கம்மியா இருந்தாத்தான் டயர் பரந்து உக்காந்து மணல்ல புதையாம போகும். அப்புறம் அரை மணி நேரம் மேட்டுல ஏறி சரிவுல சறுக்கி, அம்மா மேல இருந்த கைப்பிடியைப் பிடிச்ச பிடி விடல, முருகா முருகான்னு ஒரே சத்தம், பின் சீட்ல ஒரு பையன் பிளாஸ்டிக் கவரைக் கேட்டு வாங்கிட்டான். கேம்ப்ல ஒட்டகச் சவாரின்னு சொன்னது ஒட்டகம் எந்திரிச்சு உக்கார்ற நேரம்தான். சாப்பாட்டுக்கு கல்யாணப் பந்தி மாதிரி கியூ. வயசானவங்க, முதுகு வலி, கர்ப்பிணின்னா மேடு ஏத்துற அந்த ஆட்டமே இல்லாத டூரா கேளுங்க. துபாய் பாலைவனக் காப்பகம்னு 225 சதுர கிலோமீட்டர்ல இருக்கு, அங்க மெதுவா ஓட்டி ஓரிக்ஸ் மான் காட்டுவாங்க, காசு கூட, ஆனா பாலைவனம் எவ்வளவு அமைதியா இருக்கும்னு எனக்குத் தெரிஞ்சதே அங்கதான்.

இப்ப ரென்ட் கார். ரெசிடென்ஸ் விசா இருந்தா இந்த ஊரு லைசன்ஸ் வேணும், விசிட்ல வர்றவங்க இந்திய லைசன்ஸோட இன்டர்நேஷனல் பெர்மிட்டும் எடுத்துட்டு வாங்க. நான் லைசன்ஸ் எடுத்த ஜோர்ல அல் குத்ரா பக்கம் சின்ன காரை ரோட்டை விட்டு பத்தே அடி இறக்குனேன், முன் சக்கரம் பாதி உள்ள போயிடுச்சு. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் புதையுது. நிஸ்ஸான் பேட்ரோல் ஜீப்ல வந்த ஒரு லோக்கல் அரபி கயிறு போட்டு இழுத்து விட்டு, காசு நீட்டுனா சிரிச்சுட்டுப் போயிட்டாரு. ரோட்டை விட்டு இறங்குனா இன்சூரன்ஸ் செல்லாதுன்னு காகிதத்துல பொடி எழுத்துல போட்டிருக்கு, அதை நான் படிச்சது அதுக்கப்புறம்தான். அந்தக் கம்பெனி பழைய கீறலுக்கு டெபாசிட்ல 500 பிடிச்சுக்கிட்டான், சண்டை போட்டும் வரல, எங்கிட்ட வீடியோ இல்லியே. வண்டி எடுக்கும்போதே சுத்தி வந்து வீடியோ எடுத்துருங்க, அடிப்பக்கம் உட்பட. ஃபைன், சலிக்னு சொல்ற ரோடு டோல் எல்லாம் வண்டியைத் திருப்பிக் கொடுத்தப்புறம்தான் வரும். துபாய்ல லிமிட்டுக்கு மேல 20 கிலோமீட்டர் ஸ்பீடு வரைக்கும் கேமரா விடும்னு பழகுன கால் அபுதாபி எல்லைல அடி வாங்கும், அங்க போர்டுல போட்டிருக்குறதுதான் லிமிட்.

இத்தனை திட்டியும் காருக்குத்தான் என் ஓட்டு, காரணம் லிவா. அபுதாபி எமிரேட்ல தெக்க இருக்குற ஊரு, துபாய்ல இருந்து நாலு மணி நேர டிரைவ், ரப் அல் காலிங்கிற பெரிய பாலைவனத்து ஓரம். தல் மொரீப்னு கிட்டத்தட்ட 300 மீட்டர் மணல் மேடு, அது அடிவாரம் வரைக்கும் தார் ரோடு இருக்கு, ஃபோர் வீல் டிரைவ் தேவையே இல்ல, லிவா டவுனான முசைரால டேங்க் ஃபுல் பண்ணிட்டுப் போனா போதும். சாயங்காலம் வண்டியை ஆஃப் பண்ணிட்டு பானெட்ல சாஞ்சு பிளாஸ்க் டீ குடிச்சா, மேட்டு நிழல் பொடிப்பொடியா நகர்றது தெரியும். கிளம்பலாம்னு ஹாரன் அடிக்க ஆள் இல்ல. நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள போங்க, விடிகாலைப் பனிமூட்டத்துல மட்டும் ஓட்டாதீங்க.

ஜனவரில அம்மா மறுபடி வர்றாங்க, லிவால ரூம் போட்டாச்சு. மணல்ல வண்டிய ஏத்த மாட்டேன்னு போன்லயே சத்தியம் வாங்கிட்டுத்தான் டிக்கெட் போட விட்டாங்க.