மங்குக்கு மருந்து போட்ட இரண்டு ஆண்டுகள்

பாபநாசத்தை ஒட்டிய எங்கள் ஊரில் முகத்தில் படரும் பழுப்புத் திட்டுக்கு மங்கு என்றுதான் பெயர். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரு கன்னங்களிலும் மேலுதட்டிலும் பழுப்பாகப் படர்ந்தது, பிரசவத்திற்குப் பிறகும் மறையவில்லை. என் அம்மாவுக்கும் இருந்தது. பரம்பரைக் கூறும் கர்ப்பகால ஹார்மோன் மாற்றமும் நிறமிச் செல்களைத் தூண்டிவிட, வெயில் அதை நாள்தோறும் வளர்க்கிறது என்பது பின்னால்தான் விளங்கியது.

மாமியார் இழைத்துக் கொடுத்த ஜாதிக்காய் விழுது நன்மையும் செய்யவில்லை, தீமையும் செய்யவில்லை. தீமை செய்தது, சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கிய களிம்பு. மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்திய நான்காம் நாள் கன்னம் சிவந்து எரிந்தது, பொடிப் பொடியாகப் பருக்கள் கிளம்பின. பூதக்கண்ணாடி வைத்துக் குழாயின் பின்புறத்தைப் படித்தேன்: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவது ஸ்டீராய்டு, கண்காணிப்பின்றித் தொடர்ந்து பூசினால் தோலை மெலியச் செய்யும்.

கும்பகோணத்தில் பார்த்த தோல் மருத்துவர் அதை மறுபடி தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, எரிச்சல் தணிந்த பின் இரவில் 20 சதவீத அசெலாயிக் அமிலக் களிம்பும், பகலில் நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனும் எழுதிக் கொடுத்தார். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுக்க வைக்கும் என்பதால், அதைத் தடுக்கும் இரும்பு ஆக்சைடு கலந்ததைத்தான் வாங்க வேண்டுமாம். அமிலக் களிம்பு முதல் இரண்டு வாரம் ஊறலெடுத்தது, பிறகு பழகிவிட்டது. சிரமமெல்லாம் சன்ஸ்கிரீனில்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று கணக்காகப் பூசினால் 50 கிராம் குழாய் ஒரு மாதம்கூட வருவதில்லை. வரப்பில் நின்று நடவு பார்க்கையில் வியர்வையோடு கரைந்து கண்ணில் இறங்கும். துடைத்த வெள்ளைத் துண்டில் செம்மண் கறை போல ஒட்டிக்கொள்ளும். குடையும் பிடிக்கிறேன். நடவாட்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

மாதம் ஒன்றாம் தேதி, அதே ஜன்னலோரம், அதே நேரத்தில் ஒரு படம் எடுத்து வைத்தேன். மூன்று மாதம் எதுவும் தெரியவில்லை. ஐந்தாம் மாதப் படத்தில் கன்னத்து ஓரங்கள் கலைந்திருந்தன. ஓராண்டில் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. ஆனால் ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கியதும், பத்து நாள் அசட்டையாக இருந்ததில் பழையபடி கறுத்தது. மறுபடி வெளுக்க நான்கு மாதம் ஆயிற்று.

இப்போது கன்னத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. மேலுதட்டில் இருப்பது மட்டும் அசையவில்லை. அதற்கு வேறு மருந்து கேட்க வேண்டும், இந்தக் குறுவை அறுப்பு முடியட்டும் என்றிருக்கிறேன்.